உள்ளே பிடித்த கரி

அத்தியாயம் ஆறு

ஆதிராவின் ஸ்கூட்டரில் பின்சீட்டு ரசலையனுடையது. பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. ஆனால் நாகர்கோவிலில் அந்தத் துப்பறியும் ஆபீசைத் திறந்த நாள்முதல் அவளுடைய உதவியாளனான அவனைத் தவிர வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. இன்று காலை ஆபீசுக்கு விசாரணைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது அமீன் அதில் ஏறிக்கொண்டான். கடலோர வழியில் மணல் புதையும், எந்தப் பக்கம் ஒதுக்கி ஓட்டவேண்டும் என்று தனக்குத்தான் தெரியும் என்றான். ரசலையன் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று குளச்சல் வந்து, அங்கிருந்து வெயிலில் நடந்து தோணிவிளைத் தோப்பைச் சேர்ந்தபோது, அமீனைப் பிடிக்காமல் போவதற்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்திருந்தது. பழைய காரணங்களே அவனிடம் தாராளமாக இருந்தன.

அமீன் ஜோக் அடிப்பான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஊரில் யார்தான் அடிக்கவில்லை. அவன் அடிக்கிற ஜோக் நன்றாக இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. இத்தனை வருடமாக ரசலையன் சொல்லும் ஜோக்குகளுக்கு ஆதிரா மூக்கு வழியாக ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சை அவன் பரிசாக வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வான். அமீனுக்கோ அவள் வாய்விட்டுச் சிரித்தாள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். போதாததற்கு நேற்று, "இது மாதிரி ஒரு கண்ணு நம்ம ஆபீசுல இருந்தா கொள்ளாம், ரசலு" என்று வேறு சொல்லிவிட்டாள். அவள் அதைச் சொன்னதோடு மறந்துவிட்டாள். ரசலையனுக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேசில் குற்றவாளியாக நிற்பவனே அமீன்தான்.

தோணிவிளை இப்போது வெறும் தென்னந்தோப்பு. ஒரு காலத்தில் கடல் அதுவரை உள்ளே வந்து போயிருக்கிறது, கப்பலில் வந்தவர்கள் சரக்கை இறக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் ஒன்று அங்கே குழி தோண்டிப் பானையோடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அகழாய்வுக்குத் தலைவி டாக்டர் அஸ்வதி, குலசேகரத்து ரப்பர்த் தோட்டக்காரர் வீட்டுப் பெண். பானையோடுகளை வகை பிரிப்பவன் அமீன், தேங்காப்பட்டணத்துக்காரன். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ரோமாபுரிக் கப்பல்கள் வருவது நின்றதும் இந்தத் துறைமுகம் செத்துப்போனது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அஸ்வதி அதைப் புத்தகமாகவே எழுதியிருந்தாள். அந்த நினைப்பை அமீன் சில ஓடுகளை வைத்துக் கவிழ்த்தான். ரோமாபுரிச் சாடிகள் கிடைத்த மண்ணுக்கு மேலே, பிந்திய மண்ணில், உட்புறம் கறுத்த ஓடுகள் சில கிடந்தன. அந்தக் கறுப்பு நிலக்கீல், பூமியில் ஊறும் தார் என்றான் அமீன். பாரசீக வளைகுடாப் பக்கத்தில் சாடிக்கு உள்ளே நிலக்கீல் பூசித்தான் மதுவும் எண்ணெயும் ஒழுகாமல் கப்பலேற்றுவார்கள். ஆக, ரோமர்கள் போன பிறகும் ஊர் சாகவில்லை. வேறு திசையிலிருந்து வேறு கப்பல்கள் வந்தன. இன்னும் முந்நூறு வருடம் இங்கே சந்தை நடந்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் வந்து அமீனைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன வாரம் அதே குழியில் இன்னொரு ஓடு வந்தது. சாடியின் வாய் விளிம்புத் துண்டு, எல்லாவற்றையும்விட அழகானது. கையில் எடுத்த அன்றைக்கே அது காலை வாரிவிட்டது. வளைகுடாவில் தோண்டும் நண்பர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த சில துண்டுகளை அமீன் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தான். புதிதாகக் கிடைத்த ஓட்டின் உடைந்த ஓரம், டப்பாவில் இருந்த ஒரு துண்டோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. அதாவது, டப்பாவில் இருந்த ஓட்டை யாரோ குழியில் கொண்டு புதைத்திருக்கிறார்கள். அமீன்தான் புகழுக்கு ஆசைப்பட்டுப் புதைத்தான் என்று மொட்டை மனு ஒன்று பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஒரு ஓடு பொய்யென்றால் மற்ற ஓடுகளும் பொய். இன்று பிற்பகல் விசாரணைக் குழு வருகிறது. அவர்கள் அமீனைக் குற்றவாளி என்று எழுதிவிட்டால் அவனுடைய வேலை போகும், பேர் போகும், இனி எந்தக் குழியிலும் அவனை இறங்கவிடமாட்டார்கள்.

ஆதிராவைக் கூப்பிட்டது அஸ்வதிதான். "அமீன் எங்கூடப் படிச்சவன். அவன் செய்யலைன்னா நீங்கதான் நிரூபிச்சுத் தரணும்" என்று கண் கலங்கக் கேட்டாள். மூன்று பேரிடம் விசாரித்தும் ஆதிராவால் இதுவரை அதை நிரூபிக்க முடியவில்லை.

தகரக் கொட்டகைக்குள் ரசலையன் நுழைந்தபோது கச்சேரி தொடங்கியிருந்தது. கழுவிய ஓடுகள் மேசை முழுக்கப் பரப்பிக் கிடக்க, அமீன் ஒவ்வொன்றாக எடுத்து ஆதிராவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தலைக்குமேல் கத்தி தொங்குகிற மனிதன் இப்படியா பேசுவான் என்று ரசலையனுக்குத் தோன்றியது. பயத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவர்களும் உண்டு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அந்த நியாயத்தை அமீனுக்குக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

"பஸ்ஸுல கூட்டமாண்ணே?" என்றான் அமீன்.

"இல்ல. டிரைவர் மடியில இடம் இருந்து. நாந்தான் கூச்சப்பட்டு உக்காரல."

ஆதிரா மூக்கால்கூட மூச்சு விடவில்லை. அவள் கண் மேசைமேல் இருந்தது.

ரசலையன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அமீனைப் பார்க்கத் தொடங்கினான். மூன்று நாளாக அவனுக்கு இதுதான் வேலை. எங்கேயாவது தடுமாறுகிறானா, எதையாவது மறைக்கிறானா, கை நடுங்குகிறதா என்று பார்த்தான். ஒன்றும் சிக்கவில்லை. சிக்கியதெல்லாம் சில்லறைப் பழக்கங்கள். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பான். பேசும்போது காதைச் சொறிவான். ஓட்டை எடுத்தால் முதலில் உட்புறத்தை முகர்ந்து பார்ப்பான், பிறகு மல்லாக்கத்தான் கீழே வைப்பான். வெளியே சிவப்பாகப் பளபளக்கிற ஓடானாலும் சரி, பூ வேலை செய்த விளிம்பானாலும் சரி, உட்புறம் மேலே தெரியும்படி மல்லாக்கத்தான். வயிற்றைக் காட்டிப் படுத்த ஓடுகளாக அவன் பக்கத்து மேசை நிறைந்துவிட்டது. இவனுக்கு வெளிப்பக்கமே கண்ணில் படாதா என்று ரசலையன் மனதுக்குள் கரித்துக்கொட்டினான்.

மேசையின் மறுகோடியில் அஸ்வதி பென்சிலால் ஓடுகளை வரைந்துகொண்டிருந்தாள். கேமராவும் கம்ப்யூட்டரும் வந்த பிறகும் கையால்தான் வரைவேன் என்று பிடிவாதமாக இருப்பவள். ஒரு விளிம்புத் துண்டை வாய்ப்பக்கம் கீழே வரும்படி மேசைமேல் நிறுத்தி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தாள். அது எதற்கு என்று ஆதிரா கேட்டாள். விளிம்புக்கு அடியில் கொஞ்சம்கூட வெளிச்சம் தெரியாமல் மேசையோடு ஒட்டும்போது ஓடு எந்தச் சாய்வில் நிற்கிறதோ, அதுதான் முழுப் பானை இருந்த சாய்வு என்று அஸ்வதி விளக்கினாள். அதை வைத்துப் பானை முழுவதையும் காகிதத்தில் எழுப்பிவிடலாம்.

"அவளுக்குப் பென்சில் பிடிக்கிற கை. எனக்கு மோந்து பாக்கிற மூக்கு" என்றான் அமீன். "நான் படம் வரைஞ்சா பானையும் பூசணிக்காயும் ஒண்ணுபோல இருக்கும்."

ஆதிரா சிரித்தாள். அந்த உற்சாகத்தில் அமீன் தன்னுடைய பிரதான சரக்கை எடுத்தான். நாகர்கோவிலில் நடந்த கருத்தரங்கில் சொல்லி மண்டபமே அதிர்ந்த ஜோக்காம் அது.

"இந்தக் கறுப்பை எட்டு வருசமா அடுப்புக்கரின்னுதான் எழுதி வச்சிருந்திருக்காவ மேடம். யாரு எழுதினான்னு கேக்காதீங்க. நான் எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அடுப்புக்கரி சட்டிக்கு வெளியிலல்லா பிடிக்கும்? உள்ள பிடிச்சிருக்குன்னா, அந்தக் காலத்துல அடுப்பைச் சட்டிக்குள்ள வச்சா சோறு பொங்கினாவ?"

ஆதிரா மேசையைத் தட்டிச் சிரித்தாள். வாசலில் மண் கூடையோடு நின்ற வேலைக்காரர் சிலுவைதாசன் சிரித்தார். ரசலையனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே அமுக்கிக்கொண்டான். செத்தாலும் இவனுக்குச் சிரிப்பதில்லை என்று வைராக்கியமாகத் திரும்பியபோது அஸ்வதி அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான். அவளும் சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

சிலுவைதாசன் சிரித்துக்கொண்டே வந்தவர் ஒரு சேதியும் கொண்டுவந்தார். பிரச்சினைக்குரிய அந்த விளிம்பு ஓட்டை முதலில் கண்டவர் அவர்தான். எதையும் பெயர்த்து எடுக்கும் முன் கிடந்தபடியே படம் எடுக்கவேண்டும் என்பது குழியின் சட்டம். அன்று கேமரா அஸ்வதியோடு நாகர்கோவில் போயிருந்ததால் அவர் தன் செல்போனிலேயே ஒரு படம் எடுத்துவிட்டு ஓட்டைப் பையில் போட்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. இப்போதுதான் நினைவு வந்ததாம். ஆதிராவைத் தனியே அழைத்துப் போய் போனைக் கொடுத்தார்.

ஆதிராவும் ரசலையனும் தோப்புக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் போனார்கள். இரண்டு டீ வந்தது. ஆதிரா படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள். மண் தோண்டி மூடிய தடம் தெரிகிறதா என்றுதான் தேடினாள். படம் எடுத்ததற்கு முந்தின நாள் மழை பெய்து குழி முழுக்க ஒரே ஈரமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. போனை ரசலையனிடம் தள்ளிவிட்டு நெற்றியைத் தேய்த்தாள்.

"அமீன்தாம் மக்கா. வேற வழி தெரியல."

கொட்டகைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது என்று அவள் அடுக்கினாள். அமீனிடம் ஒன்று, அஸ்வதியிடம் ஒன்று. பிஸ்கட் டப்பாவை எடுத்தது இருவரில் ஒருவர்தான். அஸ்வதி எடுப்பாளா? இது அவளுடைய அகழாய்வு, குழியை மூடினால் அவளுக்கும்தான் நஷ்டம். தன் கூரையில் தானே தீ வைப்பவள் தீயணைப்பு வண்டியையும் கூப்பிடுவாளா? நம்மைக் கூப்பிட்டதே அவள்தானே. அமீனுக்கு நல்ல பேர் கிடைத்தது, ருசி கண்டுவிட்டான், இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. ஆதிராவுக்கு அதைச் சொல்லவே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "எனக்கு அவன ரொம்பப் பிடிச்சுப் போச்சு ரசலு. எளவு, அதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

ரசலையன் அனுதாபமாகத் தலையாட்டினான். உள்ளே அவனுக்கு மத்தளம் கொட்டியது. இன்று மாலையோடு அமீன் ஒழிந்தான். நாளைக் காலை பின்சீட்டு காலி. ஜோக்குக்கு மூக்கு மூச்சு பழையபடி கிடைக்கும். இந்தச் சந்தோஷத்தோடு அவன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் போனைக் கையில் எடுத்தான்.

படத்தில் ஓடு நின்றுகொண்டிருந்தது.

கிடக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. வாய் விளிம்பு கீழே மண்ணில் படிந்திருக்க, உடைந்த முனை மேலே நோக்க, லேசாக ஒரு சாய்வோடு நின்றது. விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு கை மண் அணைத்திருந்தது. ரசலையன் சிறு வயதில் உடைத்த பானைகள் கொஞ்சமல்ல. உடைந்த துண்டு ஒன்று மல்லாந்து கிடக்கும், இல்லை கவிழ்ந்து கிடக்கும். விளிம்பில் நிற்கிற ஓட்டை அவன் கண்டதில்லை. யாரோ ஒரு கை அதை நிறுத்தியிருக்கிறது.

அமீனின் கை அல்ல. மூன்று நாளாக அந்தக் கையைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நூற்றுக்கணக்கான ஓடுகளை அது கீழே வைத்ததைப் பார்த்துவிட்டான். ஒன்றைக்கூட நிறுத்தி வைத்ததில்லை. அவசரத்தில், அரையிருட்டில், பயந்துகொண்டு வைத்தாலும் அந்தக் கை மல்லாக்கத்தான் வைக்கும்.

டீ சட்டென்று கசந்தது. இதை ஆதிரா பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டாள். அவள் அமீன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பார்த்தது ரசலையன் ஒருவன்தான், அதுவும் நல்ல எண்ணத்தில் அல்ல. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய் சொல்லவேண்டாம், எதையும் மறைக்கவேண்டாம், மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்தால் போதும். எனக்கு என்ன தெரியும், நான் என்ன பானை படித்தவனா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆதிரா காசு கொடுக்க எழுந்துவிட்டாள். கடைக்காரரிடம் சில்லறை இல்லை, பக்கத்துக் கடைக்கு ஆளை அனுப்பினார். அந்த இடைவெளியில் ரசலையன் தன்னைத்தானே பலமுறை திட்டிக்கொண்டான். பிறகு அமீனையும் ஒருமுறை திட்டினான்.

"அக்கா, இங்க பாருங்க. அவன் செய்யல."

சொன்ன மறுகணமே ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஆதிரா உட்கார்ந்தாள். அவன் விரலால் தொட்டுக் காட்டக் காட்ட அவள் முகம் மாறியது. விளிம்பை, சாய்வை, இரண்டு பக்கத்து மண்ணை மறுபடி மறுபடி பார்த்தாள்.

"இத எப்பக் கவனிச்சா நீ?"

"சும்மா பாத்துட்டிருந்தேன்."

"சும்மா பாத்தா இது தெரியுமா?" என்றாள் ஆதிரா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அப்போ நிறுத்தி வைக்கிற கை யாருக்கது?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஆதிரா, அஸ்வதியையும் அமீனையும் குழிக்கரைக்கு வரச் சொன்னாள். விசாரணைக் குழுவுக்கு ஓடு எப்படி இருந்தது என்று ஒரு படம் காட்டவேண்டும், சிலுவைதாசனின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னாள். போன் ரசலையனின் சட்டைப் பையில் இருந்தது. தோண்டிக் குவித்த ஈரமண்ணைக் காட்டி, இடம் எதுவானாலும் பரவாயில்லை, சும்மா ஒரு மாதிரிக்கு வையுங்கள் என்று ஓட்டை முதலில் அமீனிடம் கொடுத்தாள்.

"நான் குழியில இதப் பாக்கவேயில்லையே மேடம், எப்படி வைக்க?" என்றபடி அமீன் குனிந்தான். கை தானாகப் போய் ஓட்டை மல்லாக்க வைத்தது. உட்புறக் கறுப்பு வெயிலில் தெரிந்தது.

ஆதிரா ஒரு படம் எடுத்தாள். வெளிச்சம் சரியில்லை, விளிம்பு தெரியவில்லை, டாக்டர் நீங்கள் ஒருமுறை வையுங்களேன் என்றாள். அஸ்வதி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். தோப்பு வாசலில் ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே மண்டியிட்டு, ஓட்டை எடுத்து, விளிம்பு கீழே வரத் திருப்பி, மண்ணில் லேசாக அழுத்தி, முன்னும் பின்னும் அசைத்தாள். சாய்வு கிடைத்ததும் இரண்டு பக்கமும் ஒரு கை மண்ணை அள்ளி அணைத்தாள்.

ரசலையன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் படத்தைத் திறந்து, மண்ணில் நிற்கிற ஓட்டுக்கு அருகில் பிடித்தான். மண் அணைப்புகூட மாறவில்லை.

அஸ்வதி போனைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். குரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல என்ன இருக்கு? எல்லா விளிம்பு ஓட்டையும் நான் இப்படித்தான் வைப்பேன்."

"தெரியும் டாக்டர்" என்றாள் ஆதிரா. "நீங்க மட்டுந்தான் அப்படி வைப்பிய."

அமீன் ஏதாவது ஜோக் அடிப்பான் என்று ரசலையன் எதிர்பார்த்தான், வரவில்லை. அஸ்வதி மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கறுப்ப அடுப்புக்கரின்னு எழுதினது நாந்தான்" என்றாள். "எட்டு வருசம் எனக்க கையால தொட்டுத் தொட்டு வரைஞ்சேன். உள்ள கரி எப்படிப் பிடிக்கும்னு எனக்கு ஒருநாளும் தோணல. இவன் மோந்து பாத்தான், ஒரு நிமிசத்துல சொல்லிட்டான். சொல்லட்டும். எங்கிட்டத் தனியா வந்து சொல்லியிருக்கலாம். மண்டபம் முழுக்கச் சிரிச்சாவ அமீன். எனக்க அப்பாவும் அங்க இருந்தாவ. எதுக்குச் சிரிக்காவன்னு தெரியாம அவியளும் சேந்து சிரிச்சாவ."

அதன்பிறகு பத்திரிகையில் வந்த அமீனின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது என்று ஒளிக்காமல் சொன்னாள். ஒரே ஒரு ஓட்டைப் பொய்யாக்கினால் போதும், எல்லாம் பொய்யாகிவிடும், துறைமுகம் மறுபடி தன் புத்தகத்தில் எழுதியபடி செத்துப்போகும் என்று கணக்குப் போட்டாள். மனுவும் அவள் போட்டதுதான். குழியை மூடிவிடுவார்கள் என்று தெரிந்தும் செய்தாள். ஆதிராவைக் கூப்பிட்டது, தன்மேல் யாரும் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக மட்டுமல்ல. அமீனைக் குற்றவாளி என்று வேறு ஒருத்தர் வாயால் சொல்லிக் கேட்கவேண்டும் போலிருந்தது.

பிறகு அவள் ரசலையனைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் எல்லாரும் சிரிச்சாவ. நீங்க ஒருத்தர்தான் சிரிக்கல. எனக்க மனசு உங்களுக்குத் தெரிஞ்சிட்டுன்னு நெனச்சேன்."

தெரிந்துதான் இருந்தது, அவனுக்கும் அதே மனசுதான். அதைவிடக் கேவலமாக யாரும் அவனைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. அவள் செய்தது குற்றம், தான் செய்யவில்லை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். டீக்கடையில் ஆதிரா சில்லறைக்குக் காத்திருந்த நேரம் ஞாபகம் வந்தது. சில்லறை அப்போதே இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தோப்பு வாசலில் ஜீப் திரும்பியது. வருகிறவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு படத்தையும் நான் காட்டவேண்டிவரும் என்று ஆதிரா கனிவாகத்தான் சொன்னாள். அஸ்வதி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ஓட்டை மண்ணிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போனாள். அமீனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அமீன் குழிக்கரையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தப்பித்துவிட்டோம் என்கிற நிம்மதி அவனிடம் தெரியவில்லை.

"அது அவளுக்க எழுத்துன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றான். "தெரிஞ்சுதான் சொன்னேன். சிரிப்பு நல்லா வரும்னு தோணிச்சு, சொல்லிட்டேன். இன்னைக்கும் அவ பக்கத்துல இருக்கும்போதே சொன்னேன்."

மறைத்து வைத்ததைக் கண்டுபிடிப்பதில் ஆதிரா கெட்டிக்காரி, ஆறுதல் சொல்வதில் அவ்வளவு இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, உன்னைக் காப்பாற்றியது நான் அல்ல, ரசலையன்தான் என்றாள். டீக்கடையில் நான் உன்னைக் கைவிட்டுவிட்டேன், இவன்தான் உன் கையைப் பார்த்து வைத்திருந்தான், ஓடு வைக்கிற தினுசு வரைக்கும் பார்த்திருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமை ரசலையனுக்குச் சேர்ந்ததுதான். நாலு நாளுக்கு முன் கேட்டிருந்தால் அவன் பறந்திருப்பான்.

அமீன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தான்.

"எனக்க உம்மாகூட என்னைய இவ்வளவு கவனிச்சதில்லண்ணே. எதுக்கு இப்படிப் பாத்தீங்க?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தொழில் பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். ரசலையனுக்கு அலுத்துவிட்டது.

"பாசத்துல ஒண்ணும் இல்ல மக்கா. பொறாமை. நீ எப்பத் தொலைவான்னு பாத்துட்டிருந்தேன்."

ஆதிரா சிரித்தாள். மூக்கு மூச்சு அல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தென்னையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இத்தனை வருடத்தில் ரசலையன் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. "கொள்ளாம் ரசலு, இது கொள்ளாம்" என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை எடுக்கப் போனாள்.

அமீன் சிரிக்கவில்லை. அவன் ரசலையனின் கையை இன்னும் விடாமல் பிடித்திருந்தான்.

"அப்போ டீக்கடையில சொல்லாம இருந்திருக்கலாமேண்ணே" என்றான் மெதுவாக.

"இருந்திருக்கலாம்" என்றான் ரசலையன். "எனக்கு இன்னும் வயிறு எரியுதான்னு நீ கேட்டா, எரியத்தான் செய்யுது. போ, பின்சீட்டுல ஏறு, அக்கா காத்து நிக்காவ. வழியில மணல் இருக்கு."